பழைய பொலிரோ, 15 வருஷ எஃப்சி, குமரி மாவட்டத்து உப்புக்காற்று

எங்களுடையது 2010 மாடல் பொலிரோ, டீசல், வெள்ளை போர்டு, அதாவது சொந்த வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கி வருஷக்கணக்காக வீட்டு வண்டியாகவே ஓடுகிறது. 2025-ல் 15 வருஷம் முடிந்து எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) எடுத்து, ஆர்சியை (பதிவுச் சான்றை) இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. பழைய எஸ்யூவி வாங்க நினைக்கிற எல்லோரும் மைலேஜ் என்ன, இன்ஜின் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நம்ம மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்த வண்டி இத்தனை நாள் எந்த ஊரில் நின்றது என்பதை. எஃப்சி அன்று வண்டியைத் தேறவிடாமல் செய்வது பெரும்பாலும் அடிப்பக்கத்துத் துருதான்.

மஞ்சள் போர்டு வாடகை வண்டி என்றால் முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எஃப்சி காட்டியாக வேண்டும். சொந்த வண்டிக்கு அப்படி இல்லை, 15 வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போனால் போதும். சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம், ஆனால் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் வாங்கி, மிச்ச நாளில் கடல் காற்றையும் வாங்குகிற ஒரு வண்டியை ஐந்து வருஷம் யாரும் குனிந்து பார்க்காமல் விடுவது ரொம்ப நீண்ட காலம். அதனால் எங்கள் வீட்டில் மஞ்சள் போர்டு கணக்குதான், வருஷம் ஒருமுறை வண்டியை மேலே ஏற்றி எஃப்சிக்குப் போவதுபோலவே பார்த்துவிடுவோம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் மச்சானிடமும் அதே வருஷத்து பொலிரோ இருக்கிறது. அவர் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரம். எங்களுடையது கடலைவிட்டுத் தள்ளி மலைப்பக்கம் இருக்கிற குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்காரர் ஒருவர் வைத்திருந்தது. மேலெல்லாம் கீறல், சீட் கிழிசல், பார்க்கவே களை இல்லை. மச்சான் வண்டியோ பெயிண்ட் மினுமினுப்பாக இருக்கும், கிலோமீட்டரும் குறைவு. ஆனால் எஃப்சிக்கு முன் இரண்டையும் ஒரே பட்டறையில் ஏற்றியபோது எங்கள் வண்டியின் சேசிஸில், அதாவது வண்டியைத் தாங்குகிற அடி இரும்புச் சட்டத்தில், மேல்துரு மட்டும் இருந்தது, அவருடையதில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனது. மெக்கானிக் சுத்தியலின் பின்பக்கத்தால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வருவார், நல்ல இரும்பு ணங் என்று சொல்லும், துரு தின்ற இடம் தேங்காய் அழுகலைத் தட்டினதுபோல மொத்தென்று கேட்கும். "இன்ஜினை விடும்வே, அது ஓடும். அடியைப் பாரும்" என்றார். மச்சானுக்கு வெட்டி எடுத்து பிளேட் வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதாகிவிட்டது, வண்டி பல நாள் பட்டறையிலேயே கிடந்தது.

பொலிரோ தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்காருகிற வண்டி. அதில் இருக்கிற நன்மை, பாடித் தகரம் போனாலும் சேசிஸ் நன்றாக இருந்தால் வண்டியை மீட்டுவிடலாம். கெட்டது, பாடியும் சட்டமும் சேருகிற ரப்பர் மவுண்ட் பக்கத்தில் சேறும் இலையும் தேங்கி, வெயில் நாளில்கூட அந்த இடம் ஈரமாகவே நிற்கும். பின் வீல் வளைவின் உட்பக்கம், கால்மிதிக்கு அடியில் இருக்கிற தரை, கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள், இவை மூன்றையும் கையால் தடவிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து விற்க வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

சேசிஸ் நம்பர் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எஃப்சிக்கு அந்த நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள், அதாவது சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள். அந்த இடம் துருவேறி ஒரு எண் தெரியாமல் போனால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேலை நின்றுவிடும். எங்கள் வண்டியில் மேலே கிரீஸும் மண்ணும் இறுகிப்போய் இருந்தது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தோம், கம்பி பிரஷோ எமரி தாளோ அங்கே படவே கூடாது. எண்கள் துலங்கியதும் மெல்லிசாக கிரீஸ் தடவி விட்டோம், இப்போதும் வருஷா வருஷம் அதைச் செய்கிறோம்.

அடுத்தது பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நம்ம ஊர் ஈரத்துக்கு ஹேண்ட் பிரேக் கேபிள் உறையோடு ஒட்டிக்கொள்ளும், சமதளத்தில் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை ஏற்றத்தில் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். சட்டத்தை ஒட்டி ஓடுகிற பிரேக் பைப்பை கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், வெளியே நன்றாகத் தெரிகிற பைப் கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். எங்களுக்கு ஒரு துண்டு மாற்ற வேண்டி வந்தது, செலவு சின்னதுதான், ஆனால் மலை இறக்கத்தில் அது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

புகையில் பயப்பட ஒன்றுமில்லை. பிஎஸ் 4 என்கிற புகை விதிக்கு முந்தைய டீசலுக்குப் புகை மீட்டரில் அளவு 65 வரை போகலாம், பிஎஸ் 4 என்றால் 50-தான். எங்கள் வண்டி பழைய ரகம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று எடுக்க வேண்டும். ஏர் ஃபில்டரை மாற்றி, டீசலைத் தெளிக்கிற நாசிலை டீசல் பம்ப் பழுதுபார்க்கிற கடையில் சரிபார்த்து, முக்கியமாக நாகர்கோவில் வரை நன்றாக ஓட்டி இன்ஜின் சூடான பிறகு போனால் எப்போதும் தேறிவிடும். குளிர்ந்த இன்ஜினை முழுசாக மிதித்தால் எந்தப் பழைய டீசலும் கரும்புகை கக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை. முன்னால் மாட்டியிருந்த கம்பி பம்பரைக் கழற்ற வேண்டும், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது, டயரில் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் மிச்சமிருக்க வேண்டும், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஸ்டியரிங்கை வீலோடு சேர்க்கிற டை ராட் எண்டும் பின் பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்ஷும் ஆடினால் மாற்றிவிடுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆர்டிஓ ஆபீஸ் வண்டி ஆய்வாளர்) ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும். நாங்கள் எடுத்த 2025-ல் புதுப்பிக்கும் கட்டணம் 15 வருஷம் முடிந்த காருக்கு 5000 ரூபாய், பசுமை வரி தனி. பட்டறைச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

யாராவது என்னிடம் கேட்டால், கடலோரக் குளச்சல், முட்டம் பக்கத்து மினுமினுப்பான வண்டியைவிட, கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துக் கீறல் விழுந்த வண்டியைத்தான் எடுக்கச் சொல்வேன். எடுத்தபின் கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வேஸ்ட் ஆயில் அடிக்கிற பழைய பழக்கம் வேண்டாம், ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும். எங்கள் வண்டியில் இந்த முறை பின் இடது கதவுக்குக் கீழே தகரம் கொஞ்சம் போயிருக்கிறது, ஆனி மழை தொடங்கும் முன் டிங்கரிடம் விட வேண்டும்.