நாயை ஜெர்மனிக்கு அனுப்ப "ஒரே மாசம்" என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் நாய், பூனையோடு வெளிநாடு போகத் தயாராகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஏஜென்ட்டிடம் போங்கள்.

தங்கச்சிக்கு மியூனிக்கில் வேலை கிடைத்தது. எங்கள் நாய் கருப்பனை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாள். ஆரணி ரோட்டில் குட்டியாகக் கிடந்தவனைத் தூக்கி வந்து வளர்த்தவள் அவள். வேலூரிலேயே செல்லப் பிராணிகளை வெளிநாடு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். "ஒரே மாசம் சார், எல்லா பேப்பரும் கையில இருக்கும். ஏர்போர்ட்ல நம்ம ஆளு இருக்காரு" என்றார் அவர். 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். ரசீது கேட்டபோதெல்லாம் "பில்லு அப்புறம் தரேன் சார்" என்பதுதான் பதில்.

அந்த ஒரு மாதக் கணக்கே பொய். ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விலக்கு தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் இங்கிருந்து போகும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப் (ஸ்கேனரில் படிக்கும் 15 இலக்க எண் உள்ள சின்ன சிப், தோலுக்கு அடியில் வைப்பது) பொருத்த வேண்டும், அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் போன பிறகுதான் நாய் அந்த மண்ணில் கால் வைக்க முடியும். ஆக, ஊசியில் தொடங்கினால் 4 மாதம். யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் இதில் ஒரு நாள்கூடக் குறையாது.

எங்கள் ஏஜென்ட் ஊசியை முதலில் போட வைத்தார். சிப் பிறகு வந்தது. தடுப்பூசிப் புத்தகத்தில் தேதியைத் திருத்தி, எல்லாம் வரிசையாக நடந்த மாதிரி காட்டினார். ஊசி போட்ட அடுத்த வாரமே ஒரு பையன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனான். கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பளிச்சென்று முத்திரை, கையெழுத்து, எதிர்ப்புச் சக்தி அளவு, எல்லாம் இருந்தது.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில்தான் குட்டு உடைந்தது. ஏற்றுமதிச் சான்றிதழ் அங்கேதான் தருகிறார்கள். அதிகாரி கருப்பனின் கழுத்தில் ஸ்கேனரை வைத்தார். வந்த எண் ஒன்று, ரிப்போர்ட்டில் இருந்த எண் வேறு. ரிப்போர்ட்டில் பெயர் போட்டிருந்த ஆய்வகத்துக்குத் தங்கச்சி மெயில் அனுப்பினாள். அப்படி ஒரு ரத்த மாதிரியே தங்களிடம் வரவில்லை என்று பதில் வந்தது.

இந்தக் காகிதங்களோடு அவள் விமானம் ஏறியிருந்தால்? விதிக்குப் பொருந்தாத நாயை அங்கே திருப்பி அனுப்பலாம், நம் செலவில் தனிமையில் அடைத்து வைக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் கொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பணம் போன கவலை அதற்கு அப்புறம்தான்.

தங்கச்சி தனியாகப் போய்விட்டாள். கருப்பன் எங்களோடு இருக்கிறான். அம்மா கையால் வைத்தால்தான் சாப்பிடுகிறான். வேறொரு கால்நடை மருத்துவரிடம் சிப்பைச் சரிபார்த்து, ஊசியைத் திரும்பப் போட்டு, 30 நாள் கழித்து ரத்தம் அனுப்பினோம். ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது. 3 மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி ஊசியைத் தேதி தவறாமல் போட்டு வந்தால் அந்த ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

ஏஜென்ட் வைத்தே செய்வதானாலும் சரி, ஊசி போடும்போதும் ரத்தம் எடுக்கும்போதும் உங்கள் கண் முன்னே சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்த எண் ஒவ்வொரு தாளிலும் இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வகத்தின் பெயர் ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் ஆய்வகத்துக்கே எழுதிக் கேளுங்கள். கடைசியில் வாங்கும் ஆரோக்கியச் சான்றிதழ் 10 நாள்தான் செல்லும், அதைச் சீக்கிரமே வாங்கித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி போலி ரிப்போர்ட் கிடைத்தவர்கள் பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.