பழகப் பழகத் தெரியும் தரம்: இடைமுக உரைக் கையேடுகளை நெடுநாள் பின்பற்றிய அனுபவம்

செயலிகளிலும் இணையதளங்களிலும் இடம்பெறும் பொத்தான்கள், பிழைச்செய்திகள், படிவக் குறிப்புகள், அறிவிப்புகள் ஆகியவற்றுக்கான சிறு வாசகங்களை எழுதுவது என் அன்றாட வேலை. மின்னஞ்சல் விளம்பரச் சேவை தரும் மெயில்சிம்ப் நிறுவனத்தின் உள்ளடக்க நடைக் கையேடு, 2018-இல் இணையத்தில் வெளியான மைக்ரோசாஃப்ட் எழுத்து நடைக் கையேடு, கூகுளின் மெட்டீரியல் டிசைன் என்ற வடிவமைப்பு வழிகாட்டி தரும் எழுத்துக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் துணைக்கு வைத்துக்கொண்டே பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கையேட்டைப் படித்த சூட்டோடு எழுதப்படும் பாராட்டுரைகள் நிறையவே கிடைக்கின்றன. நாள்பட்ட பயன்பாட்டில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று சொல்பவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை, தெளிவு குறித்து இவை சொல்வதெல்லாம் நிலைத்து நிற்கிறது. நட்பாக எழுத வேண்டும் என்ற அறிவுரை மட்டும், அதை நாம் முதல் வாசிப்பில் புரிந்துகொள்ளும் பொருளில், நெடுநாள் தாங்குவதில்லை.

காரணம் எளிது. வாசகத்தை எழுதுபவரும் அதற்கு ஒப்புதல் தருபவரும் அதை ஒருமுறை படிக்கிறார்கள். பயனரோ அதே வாசகத்தை நாள்தோறும் படிக்கிறார். விலைப்பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில் ஒவ்வொரு பட்டியலைச் சேமித்ததும் ‘அசத்திவிட்டீர்கள்!’ என்று திரை துள்ளினால், முதல் நாள் புன்னகை வரும். மறுவாரம் கண் அதைத் தாண்டிச் செல்லும். மாதக் கடைசியில் வேலை நெருக்கும்போது எரிச்சல்தான் மிஞ்சும். அந்த இடத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் எத்தனை ஆண்டுகளானாலும் யாரையும் உறுத்தாது. மெயில்சிம்ப் கையேடு இதைக் கவனிக்காமல் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் குரல் மாறாதது, தொனி மட்டும் படிப்பவரின் மனநிலைக்கேற்ப மாற வேண்டியது என்று அது பிரித்துக் காட்டுகிறது. மகிழ்விப்பதைவிடத் தெளிவே முக்கியம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு வரும் பலர் நகைச்சுவையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

நட்பு எங்கே இருக்கிறது என்பதற்குப் பிழைச்செய்தியே நல்ல உரைகல். விண்ணப்பப் படிவம் ஒன்றில் ஒருவர் தம் புகைப்படத்தைப் பதிவேற்றுகிறார், திரையில் ‘அச்சச்சோ! ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்’ என்று வருகிறது. தொனியில் பரிவு இருக்கிறது, பயன் ஒன்றும் இல்லை. எத்தனை முறை முயன்றாலும் அதே படம் அதே காரணத்தால் மறுக்கப்படும். அதற்கு மாற்றாக இப்படி எழுதலாம்: ‘இந்தப் படத்தின் அளவு 8 எம்பி. 5 எம்பிக்கு உட்பட்ட படங்களையே ஏற்க முடியும். நீங்கள் நிரப்பிய மற்ற விவரங்கள் அப்படியே உள்ளன.’ முதல் வாக்கியம் நடந்ததைச் சொல்கிறது; இரண்டாவது செய்ய வேண்டியதைக் காட்டுகிறது; மூன்றாவதுதான் உண்மையான நட்பு. பக்கம் பக்கமாக நிரப்பிய படிவம் அழிந்துபோயிருக்குமோ என்ற அச்சமே அந்த நொடியில் பயனரின் மனத்தில் இருப்பது, அதற்கு யாரும் கேட்காமலே விடை கிடைத்துவிடுகிறது.

பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1994-இல் செம்மைப்படுத்தித் தந்த பத்து பயன்பாட்டு நெறிகளில் ஒன்பதாவது இதையே சொல்கிறது: பிழைச்செய்தி குறியீட்டு எண்களைத் தவிர்த்து எளிய மொழியில் இருக்க வேண்டும், சிக்கலைத் துல்லியமாகச் சுட்ட வேண்டும், தீர்வையும் காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைத் தடையின்றிப் பயன்படுத்துவதற்காக 2008-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 அணுகல் நெறிமுறையில் பிழையை அடையாளம் காட்டுவது 3.3.1 என்ற விதியாகவும், திருத்தும் வழியைப் பரிந்துரைப்பது 3.3.3 என்ற விதியாகவும் இடம்பெற்றுள்ளன. இவற்றைப் பின்பற்றத் தொடங்கியதும் ஒன்று தெரியவரும்: எழுத்தாளர் தனியாக இருந்து நல்ல பிழைச்செய்தி எழுதவே முடியாது. கோப்பு பெரிதாக இருந்ததா, வகை பொருந்தவில்லையா, இணைப்பு அறுந்ததா என்பதை நிரல் வேறுபடுத்திச் சொன்னால்தான் வாசகமும் வேறுபடும். நிரலாளர் எல்லாக் காரணங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், ‘ஏதோ தவறு’ என்பதற்கு மேல் எழுத வழியில்லை. ஆகவே என் வேலையில் கணிசமான பகுதி, பிழை எங்கே எப்படிப் பிறக்கிறது என்று நிரலாளர்களைக் கேட்டுக் கேட்டுப் பட்டியலிடுவதாகவே கழிகிறது. எந்தக் கையேடும் இந்தப் பகுதியைப் போதிய அளவு பேசவில்லை.

அடுத்து, உறுதிப்படுத்தும் பெட்டிகள். ‘சந்தாவை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்து செய்’, ‘ரத்து’ என இரண்டு பொத்தான்கள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இரண்டாவது பொத்தான் இந்தப் பெட்டியை மூடவா, சந்தாவை முடிக்கவா என்பது அழுத்திய பிறகே தெரியும். ‘சந்தாவை முடித்துக்கொள்’, ‘சந்தாவைத் தொடர்’ என்று வினைகளை முழுமையாக எழுதினால், மேலே உள்ள கேள்வியைப் படிக்காதவரும் தவறாக அழுத்த மாட்டார். எந்தத் தேதி வரை சேவை கிடைக்கும், அதன்பின் பணம் பிடிக்கப்படுமா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். மாறாக, ‘வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்துவதில் எனக்கு அக்கறையில்லை’ என்று பயனர் வாயாலேயே சொல்லவைக்கும் பொத்தான்கள், எவ்வளவு இனிமையாக எழுதப்பட்டாலும், மிரட்டல்தான்.

நிரலாளர்களுக்காகக் கூகுள் நடத்தும் ஐ/ஓ மாநாட்டின் 2017 உரை ஒன்றில் வந்த எடுத்துக்காட்டு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. விடுதித் தேடலில் ‘அறையை முன்பதிவு செய்’ என்ற பொருளில் இருந்த பொத்தானை ‘அறை உள்ளதா எனப் பார்’ என்ற பொருளில் மாற்றியதும் பயனர் ஈடுபாடு 17 சதவீதம் உயர்ந்ததாக அங்கே கூறப்பட்டது. அந்த எண்ணைக் கொண்டுபோய் எல்லாத் திரைகளுக்கும் நீட்டுவதை நான் ஏற்பதில்லை. தேதியையும் விலையையும் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் முடிவைக் கேட்கக் கூடாது என்ற பாடம் மட்டும் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

பணிவுச் சொற்களில் மைக்ரோசாஃப்ட் கையேட்டின் கறார் எனக்குப் பிடித்தது. பயனருக்குச் சிரமம் தரும் ஒன்றைக் கேட்கும்போதோ, பிழை மென்பொருளின் பக்கம் இருக்கும்போதோ அன்றி ‘தயவுசெய்து’ தேவையில்லை என்கிறது அது. நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ‘தயவுசெய்து’ என்று தொடங்கும் தமிழ்ப் படிவங்களுக்கு இது அவசரத் தேவை.

தமிழில் எழுதும்போது இக்கையேடுகள் கைவிடும் இடங்களும் உண்டு. பொத்தானில் ‘சேமி’ என்பதா, ‘சேமிக்கவும்’ என்பதா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. பேசுவது யார் என்று பார்த்தால் இது தீர்ந்துவிடும் என்பது என் கருத்து: பொத்தான் பயனர் கருவிக்கு இடும் கட்டளை, ஆகவே ‘சேமி’ மரியாதைக் குறைவாகாது, கட்டத்தின் மேலுள்ள குறிப்பு கருவி பயனரிடம் பேசுவது, ஆகவே அங்கே ‘உள்ளிடுங்கள்’ வேண்டும். பெரிய தலைவலி வேற்றுமை உருபு. நிரல் பெயரை எடுத்து அதன் பின்னால் ‘க்கு’ என்று ஒட்டினால் ‘கண்ணன்க்கு அனுப்பப்பட்டது’, ‘மாலாக்கு அனுப்பப்பட்டது’ என்றெல்லாம் வந்து நிற்கும். ‘அனுப்பப்பட்டது. பெறுநர்: கண்ணன்’ என்று வாக்கியத்தையே மாற்றி அமைப்பதுதான் பாதுகாப்பான வழி. எண்ணுக்கேற்ப மாறும் ஒருமை, பன்மை வடிவங்களுக்கு, மொழிகளின் வழக்கங்களைத் தொகுத்துத் தரும் யூனிகோடு சிஎல்டிஆர் தரவு மொழிவாரியாக வகைகளைத் தருகிறது. தமிழுக்கு இரண்டு, அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்று. துண்டு துண்டாக எழுதி நிரலில் ஒட்டவைக்கும் வாக்கியங்களை இந்த ஏற்பாட்டால்கூடக் காப்பாற்ற முடியாது. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக, அதாவது பிரிக்காத ஒரே உரைத்துண்டாக, நிரலுக்குத் தர வேண்டும்.

கட்டத்துக்குள் மங்கலாகத் தெரிந்து, தட்டச்சத் தொடங்கியதும் மறைந்துவிடும் குறிப்புகளில் முக்கியமான எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. ‘இங்கே அழுத்தவும்’ என்ற இணைப்புகளும் அப்படியே. பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு அவை அனைத்தும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் எதை எடுக்கலாம் என்று கேட்டால், ஐயம் வரும்போது தேடிப் பார்க்க மைக்ரோசாஃப்ட் கையேட்டையும், ஒருமுறை முழுதாகப் படிக்க மெயில்சிம்ப் கையேட்டையும் சொல்வேன். மெட்டீரியல் குறிப்புகள் சுருக்கமானவை, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். மெயில்சிம்ப் கையேடு வணிக நோக்கற்ற பயன்பாட்டுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால், அதைத் தமிழுக்கேற்ப மாற்றி எழுதி, மூலத்தைக் குறிப்பிட்டுப் பகிர யாருக்கும் தடையில்லை.