ரிங்கில் பட்ட பந்தைத் தொடலாமா? ஃபிபா விதியும் என்பிஏ விதியும்

எங்கள் ஊர் மைதானத்தில் வார இறுதி கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நான்தான் விசில் ஊதுகிறேன். ஒருநாள் ரிங்கின் மேல் உருண்டுகொண்டிருந்த பந்தை ஒரு பையன் தட்டிவிட, இரண்டு அணிகளும் சண்டைக்கு வந்துவிட்டன. என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) பார்த்து வளர்ந்தவர்கள் "ரெண்டு பாயிண்ட் குடுங்க" என்றார்கள். மாவட்ட அளவில் ஆடியவர்கள் "தட்டலாம் சார்" என்றார்கள். அவரவர் விதிப்படி இருவர் சொன்னதும் சரி. ஒன்றை முடிவு செய்தாக வேண்டும் என்று ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியை வைத்துக்கொண்டேன்.

இரண்டுக்கும் பொதுவானது எளிது. கூடைக்கு எறிந்த பந்து ரிங் மட்டத்துக்கு மேலே இறங்கி வரும்போது தொடக்கூடாது. தடுப்பவர் தொட்டால் எதிரணிக்குப் புள்ளி. எறிந்த அணியே தொட்டால் கூடை செல்லாது.

பந்து ரிங்கில் பட்ட பிறகுதான் வழி பிரிகிறது. என்பிஏவில் ரிங்குக்கு மேலே ஒரு கற்பனை உருளை உண்டு. பந்தின் ஒரு பகுதி அதற்குள் இருந்தாலும் கை வைக்கக்கூடாது. ஃபிபாவில் ரிங்கில் பட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் தட்டலாம். ஆனால் கூடைக்குள் இறங்கிவிட்ட பந்தைத் தொடக்கூடாது. பந்து ரிங்கில் இருக்கும்போது ரிங்கையோ அதன் பின்னால் இருக்கும் போர்டையோ தொடுவதும் தப்பு.

என்னை முடிவெடுக்க வைத்தது கண்தான். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் உள்விட்டம் 45 செ.மீ., பந்து ஏறத்தாழ 24 செ.மீ. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு, பந்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத உருளைக்குள் இருந்ததா, இரண்டு விரற்கடை வெளியே இருந்ததா என்று எப்படித் தெரியும்? என்பிஏவில் மூன்று நடுவர்கள், ரீப்ளே எல்லாம் உண்டு. 2019-20 சீசனிலிருந்து பயிற்சியாளர் முறையிடவும் வழி இருக்கிறது. எங்களிடம் இரண்டு பேர், சில நாள் நான் மட்டும். பந்து ரிங்கில் பட்டால் சத்தமே கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து நான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

டங்க் (எகிறிப் பந்தைக் கையாலேயே ரிங்குக்குள் திணிப்பது) பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எங்கள் மைதானத்தில் டங்க் போடுபவர்கள் ஓரிருவர்தான். விதிப்படி, பந்து கையோடு உருளைக்குள் போனால் சரி என்று என்பிஏ தனி விலக்கு வைத்திருக்கிறது. டங்க் தவறி ரிங்கில் மோதி மேலே எழும் பந்தை உருளைக்குள்ளேயே மறுபடி தட்டினால் அங்கே தப்பு, ஃபிபாவில் தட்டலாம். தேவையில்லாமல் ரிங்கில் தொங்கினால் இரண்டிலும் டெக்னிக்கல் ஃபவுல் (எதிராளியை மோதாமல் செய்யும் நடத்தைத் தவறு). அடிபடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டால் குற்றமில்லை.

ஃபிபா விதியில் உயரமான பையன்களுக்குச் சாதகம் கூடுதல், மறுக்கவில்லை. மென்மையாக எறிந்து ரிங்கில் தவழவிட்ட பந்தை ஒருவன் தட்டி எறியும்போது எறிந்தவனுக்காக மனசு வலிக்கத்தான் செய்கிறது.

இப்போது ஆட்டத்துக்கு முன்பே இரு கேப்டன்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பலர் மறக்கும் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது நேரம் முடிந்த மணி அடித்துவிட்டால், ரிங்கில் பட்ட பிறகும் அது உள்ளே விழ வாய்ப்பு இருக்கும்வரை யாரும் தொடக்கூடாது.