குவீன்ஸ்வே காலணிக் கடையும் எங்கள் திடல்தடக் குழுவும்

பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் திடல்தட (தடகள) குழுவுக்கு ஐந்து ஆண்டுகளாகத் தொண்டூழிய மேலாளராக இருந்து வருகிறேன். இந்தப் பருவத்துக்கான, அடியில் கூர்பின்கள் கொண்ட ஸ்பைக் காலணிகளையும் சீருடைகளையும், அடுத்த மாதம் பாங்காக்கில் நாங்கள் கலந்துகொள்ளவிருக்கும் அழைப்புப் போட்டிக்குத் தேவையான சில பொருள்களையும் ஒரே கடையில் வாங்கினோம். சிங்கப்பூரின் அலெக்சாண்டிரா சாலைச் சந்திப்பில் 1970களிலிருந்து நின்றுகொண்டிருக்கும் குவீன்ஸ்வே கடைத்தொகுதியில், நான்கு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடும் சிறு கடை அது. குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்தக் கடையின் பெரும் பலம் காலணியைப் பொருத்திப் பார்ப்பதில் காட்டும் பொறுமை. கடையை நடத்தும் பெரியவர் தமிழர். மாணவர்கள் அவரை அங்கிள் என்கிறார்கள், நான் ஐயா என்கிறேன். எந்தப் போட்டிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவர் ஒரு பெட்டியைக்கூடக் கீழே இறக்குவதில்லை. 100 மீட்டர் ஓடுபவருக்கு அடித்தட்டு விறைப்பாக இருக்கவேண்டும், 1,500 மீட்டர் ஓடுபவருக்குக் குதிகாலில் சற்று மெத்தை வேண்டும், இரண்டுக்கும் ஒரே காலணி என்று வாங்கினால் இரண்டும் கெடும் என்பது அவர் கருத்து. எங்கள் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் கூடைப்பந்துக்கு அணியும் தடித்த காலுறையோடு வந்திருந்தான். பெரியவர் இழுப்பறையிலிருந்து மெல்லிய காலுறை ஒன்றை எடுத்துக் கொடுத்து, காலணியை மாட்டச் சொல்லி, நுனிக்காலில் நிற்கவைத்து, குதிகாலுக்குப் பின்னால் தம் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். விரல் தடையின்றி உள்ளே போயிற்று. "தம்பி, வளைவுல ஓடும்போது கால் உள்ளே நழுவும். அரை சைஸ் குறைச்சுப் போட்டுப் பாருங்க," என்றார். குறைந்த அளவு கைவசம் இல்லாததால் அன்று அவனுக்கு எதையும் விற்கவில்லை. ஒரு வாரம் கழித்து வரவழைத்துக் கொடுத்தார்.

கல்லாவுக்குப் பின்னால் பழுப்பேறிய பத்திரிகை நறுக்கு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சி.குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடிகளில் ஓடிப் படைத்த தேசியச் சாதனையை, 33 ஆண்டுகளுக்குப் பிறகு 2001இல் யூ.கே.ஷியாம் 10.37 வினாடிகளில் ஓடி முறியடித்த செய்தி அது. நூறில் ஒரு பங்கு வினாடிக்காக ஒரு நாடு அத்தனை ஆண்டுகள் காத்திருந்தது என்பதை மாணவர்கள் அங்கே நின்று வாசித்ததை நான் பார்த்தேன். அரை அளவு குறைத்துப் போடச் சொன்னதற்கு அதன் பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் 800 மீட்டர் வீராங்கனை இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த ஒரு ஜோடியை ஏறக்குறைய வாங்கியே விட்டார். அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் பெரியவர் தலையை ஆட்டினார். 2024 நவம்பர் 1க்கு முன்பு வரை 800 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட தட ஓட்டங்களுக்கும் காலணி அடிப்பாகம் 25 மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கலாம். அதன்பின் உலகத் திடல்தடச் சங்கம் தடப் போட்டிகள் அனைத்துக்கும் 20 மில்லிமீட்டரை உச்ச வரம்பாக வைத்துவிட்டது. பழைய விதிப்படி தயாரான காலணிகள்தாம் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன என்று விளக்கி, அனுமதிக்கப்பட்ட காலணிகளின் பட்டியலைச் சங்கத்தின் இணையப்பக்கத்தில் பார்த்து உறுதிசெய்த பிறகே வேறொரு ஜோடியை அவருக்கு விற்றார். பாங்காக் வரை போய், ஓட்டத்துக்கு முன் காலணிச் சோதனையில் அந்தப் பெண் நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் பதறுகிறது.

காலணியின் அடியில் திருகி மாட்டும் கூர்பின்களைப் பற்றியும் சொல்லவேண்டும். செயற்கைத் தடத்தில் பின்னின் நீளம் 9 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 வரை விடுகிறார்கள். நம் ஊர் ஈரத்தில், மழையில் நனைந்த காலணியைப் பையிலேயே இரண்டு நாள் விட்டுவிட்டால் பின் துருப்பிடித்து உள்ளேயே இறுகிக்கொள்ளும். அப்படி இறுகிப்போன மூன்று பின்களோடு ஒரு ஜோடியைக் கொண்டுபோனேன். பெரியவர் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருந்து, குறடால் இறுகப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினார். இரண்டு வந்துவிட்டன; மூன்றாவதின் தலை முறிந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வந்த இரண்டுக்கும் கூலி வாங்க மறுத்தார். புதுப் பின்னைத் திருகுமுன் மரையில் சிறிது வாசலின் தடவச் சொன்னது இப்போது எங்கள் குழுவில் வழக்கமாகிவிட்டது.

சீருடை அச்சில்தான் எங்களுக்கு மனக்கசப்பு. 22 கையில்லாச் சட்டைகளுக்கு முன்பணம் கொடுத்தோம். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார்கள், திங்கட்கிழமை தந்தார்கள். இடையில் சனிக்கிழமை பருவத்தின் முதல் போட்டி முடிந்துவிட்டது, பிள்ளைகள் சென்ற ஆண்டின் வெளிறிய சட்டைகளை அணிந்து ஓடினார்கள். வந்த சட்டைகளிலும் ஒரு மாணவியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. நான்கு சட்டைகளில் மூன்றாம் சலவையிலேயே எழுத்துகளின் ஓரம் உரியத் தொடங்கியது. அச்சு வேலையைக் கவனிக்கும் பெரியவரின் மகள் ஐந்தையும் இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார் என்பது உண்மையே. ஆனாலும் முதன்முறையாகக் கல்லூரியின் நிறத்தை அணியக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை திரும்பி வராது. அவசர அச்சு வேலைக்கு இந்தக் கடையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஈட்டிகள் அங்கே விற்பனைக்கு இல்லை. ஆனால், ஆண்களுக்கான ஈட்டி 2.6 மீட்டருக்குக் குறையாது, அதை எப்படி விமானத்தில் கொண்டுபோவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவர் அதே பெரியவர்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் தடித்த பிவிசி குழாயை மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, இரு முனைகளுக்கும் மூடி போட்டு, ஈட்டியின் முனையைப் பழைய துண்டால் சுற்றி, நடுவில் பிடிக்கயிறு உள்ள இடத்தில் பஞ்சு வைத்து நுழைக்கவேண்டும். குழாயின் அளவை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறவேண்டும். காகிதத்தில் படம் வரைந்தே கொடுத்தார். காசு கேட்கவில்லை.

விலை இணையத்தைவிடக் கூடுதல்தான். எங்கள் ஆறு ஜோடிகளுக்கு மாணவர் தள்ளுபடியாகப் பத்து விழுக்காடு கழித்தார்கள். வார இறுதியில் கூட்டம் நெருக்கும். வார நாள் மாலையில் போனால் பெரியவர் நிதானமாகப் பேசுவார். பந்தயக் காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். அச்சு வேலை கொடுப்பதானால் தேவைப்படும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தெளிவாகத் தட்டச்சு செய்து, மாதிரியைக் கண்ணால் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

மாற்றித் தருவதாகச் சொன்ன ஐந்து சட்டைகளை வாங்க வரும் வியாழக்கிழமை மாலை போகிறேன். விடுபட்ட எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அந்த மாணவியும் என்னுடன் வருகிறார்.