வெட்டிவேர் அத்தர் என்ற பெயரில் பச்சைத் திரவம்: பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் உள்ளவர்கள் வாங்கும் முன் படிக்கவும்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில் திருவிழாக்களிலும் ஒரு மடக்கு மேசையில் "சுத்தமான வெட்டிவேர் அத்தர்" விற்கப்பட்டது. (2007-இல் ஊர்ப்பெயர் மாறினாலும் நம் ஆட்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) 12 மில்லி பாட்டில் 120 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு எடுத்தால் 200. வாங்கியவர்கள் சொல்லும் குறை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது: மேசையில் முகர்ந்தபோது பானைத் தண்ணீரில் ஊறிய வேரின் வாசம், வீட்டுக்கு வந்து பூசினால் இரண்டு மணி நேரத்தில் ஒன்றுமில்லை, வெள்ளைச் சட்டைக் கழுத்தில் பச்சைக் கறை. திருப்பிக் கொண்டுபோனவர்களுக்குக் கிடைத்த பதில், "திறந்த பாட்டில எடுக்க மாட்டோம்ணே. உங்க உடம்புச் சூட்டுக்கு நிக்கல, நாங்க என்ன பண்றது?"

உடம்புச் சூடு என்ற அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். சூட்டில் எந்த வாசமும் சற்று வேகமாகக் கிளம்பும், அது உண்மை. ஆனால் வெட்டிவேர் எண்ணெய் வாசனைப் பொருள்களிலேயே மிக மெதுவாக ஆவியாகும் வகை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் நாள் கணக்கில் நிற்கும். வியர்த்துக் கொட்டும் தோலிலும் காலையில் பூசியது மாலையில் மங்கலாகவாவது இருக்கும். இரண்டு மணி நேரத்தில் அடியோடு மறைந்தால் அந்தப் பாட்டிலில் வெட்டிவேர் இல்லை, அல்லது பெயருக்கு ஒரு துளி இருக்கிறது.

வெட்டிவேர் தன் குணத்தைக் காட்டுவது கடைசியில். விற்பவரோ முதல் பத்து நிமிடத்துக்குள் காசை வாங்கிவிடுகிறார். ஏமாற்று வேலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

மேசையில் முகரக் கொடுத்த டெஸ்டர் ஒரு சிறிய கருப்புப் பாட்டில். அதில் இருந்தது கெட்டியான பழுப்பு எண்ணெய், பெரும்பாலும் அசல். விற்ற பாட்டிலோ பெட்டிக்குள் ஒட்டி மூடிய வேறு திரவம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விடவில்லை. நடுநடுவே காபிக்கொட்டை ஜாடியை நீட்டி "மூக்கு சுத்தமாகட்டும்" என்றார்கள். காபிக்கொட்டைக்கு அந்தச் சக்தி கிடையாது. வெறும் காற்றை முகர்வதைவிட அது மேலாக வேலை செய்வதாகச் சோதனையில் தெரியவில்லை. சாத்தே புகையும் ஜெனரேட்டர் டீசல் நாற்றமும் சூழ்ந்த இடத்தில் அது மூக்கை இன்னும் சோர்வாக்கும். வாசனை பூசாத உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தால் போதும், அல்லது ஐந்து நிமிடம் தள்ளி நின்றுவிட்டு வாருங்கள்.

ஆகவே மேசையில் செய்ய வேண்டிய முதல் வேலை, நீங்கள் வாங்கப்போகும் அதே பாட்டிலைத் திறக்கச் சொல்வது. மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம். திறந்தால், மெழுகு பூசாத வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நறுக்கி (காபி வடிகட்டும் காகிதம் நல்லது) ஒரு சொட்டு வைத்து, நேரத்தை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி, மறுநாள் காலை என நான்கு முறை முகருங்கள். வாங்குவதை அடுத்த வாரச் சந்தைக்குத் தள்ளிப்போடலாம். அசல் சரக்கு விற்பவருக்கு ஒரு வாரம் பொறுப்பதில் கஷ்டம் இல்லை.

அசல் எண்ணெய் அந்த நான்கு நேரத்திலும் எப்படி இருக்கும்? முதலில் ஈரமண்ணும் வெட்டிய வேரும், லேசான புகையும், பம்ளிமாஸ் தோலைக் கிள்ளியதுபோல ஒரு கசப்பும் வரும். புதிதாக வடித்த எண்ணெயில் கருகின வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அது குறை இல்லை, மாதங்கள் போகப்போகத் தணியும். ஒரு மணிக்குப் பிறகு புகை இறங்கி மரத்தன்மை ஏறும். மறுநாள் காலை காகிதத்தில் மிஞ்சுவது உலர்ந்த, மென்மையான, லேசாக இனிக்கும் மரவாசம். ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. மேற்கு ஜாவாவின் காருட் வட்டாரத்து எண்ணெயில் புகை அதிகம், ஹைட்டி எண்ணெய் சுத்தமாகவும் இலகுவாகவும் இருக்கும். வட இந்தியாவில் காட்டு வேரைச் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் ரூஹ் கஸ் என்ற வகையில் செம்பின் காரணமாகப் பச்சைச் சாயல் தென்படும். அந்தப் பச்சையைத்தான் இந்த ஆட்கள் சாதகமாக்கிக்கொண்டார்கள். வெட்டிவேர் வாசமுள்ள கஸ் சர்பத்தின் பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெட்டிவேர் என்றாலே பச்சை. செம்பு தரும் பச்சை மங்கலானது, பழுப்போடு கலந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைப்போலப் பளிச்சென்று இருந்தால் அது சாயம். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் சோப்பு போட்டு அலசுங்கள். அசல் எண்ணெய் மஞ்சள் பழுப்பாகக் கறை வைக்கும். சாயம் பச்சையாகவே நிற்கும்.

இங்கே விற்ற பாட்டில்களில் மூன்றைப் பார்த்ததில் மூன்றிலும் திரவம் தண்ணீர்போல ஓடியது. வெட்டிவேர் எண்ணெய் அப்படி ஓடாது. நம் ஊர் 32 பாகை வெப்பத்திலும் பாட்டிலைச் சாய்த்தால் தேன்போல மெதுவாகத்தான் சுவரில் இறங்கும். அடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டபோது, திரவம் வெள்ளைப் புகைபோல இழை இழையாகப் பிரிந்து தண்ணீரைக் கலக்கியது. தண்ணீரில் கரையும் மலிவுக் கரைப்பான், பெரும்பாலும் டைபுரொப்பிலீன் கிளைக்கால், கலந்திருந்தால் இப்படித்தான் ஆகும். அசல் எண்ணெய் கரையாது, உருண்டையாக நிற்கும். அதன் அடர்த்தி தண்ணீருக்கு மிக நெருக்கம் என்பதால் மேலே மிதக்கலாம், நடுவில் தொங்கலாம், மெல்ல அடியிலும் இறங்கலாம். அதை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியாது. ஆனால் விட்டவுடன் கண்ணாடி மணிபோல விறுவிறுவென்று அடிக்குப் போனால் தண்ணீரைவிடக் கனமான தாலேட் கரைப்பான் இருக்குமோ என்று சந்தேகப்படலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு சோதனையை இங்கே திருத்த வேண்டும். "சுத்தமான எண்ணெய் காகிதத்தில் தடம் வைக்காது" என்பது எலுமிச்சை, யூக்கலிப்டஸ் போன்ற இலகுவான எண்ணெய்களுக்குச் சரி. வெட்டிவேர் கனமானது, நிறமுள்ளது. அசலே பல நாள் தடம் வைக்கும். இந்தச் சோதனையை நம்பி நல்ல எண்ணெயைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது வேறு: தடம் எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம்போல ஒளி ஊடுருவும் வட்டமாக விரிந்து, அதில் வாசமே இல்லாமல் இருந்தால் ஆமணக்கெண்ணெயோ சமையல் எண்ணெயோ கலந்திருக்கிறது. ஆல்கஹால் சோதனைக்கு ஃபார்மசியில் கிடைக்கும் 70 விழுக்காட்டுத் திரவம் உதவாது, அதில் அசல் வெட்டிவேரும் கலங்கும். 95 விழுக்காட்டு எத்தனாலில் ஒரு பங்கு எண்ணெய்க்கு ஐந்து பங்கு விட்டால் அசல் தெளிவாகக் கரையும். தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இருந்தால் கலங்கி அடியில் பிரியும். ஆமணக்கெண்ணெய் மட்டும் எத்தனாலில் கரைந்து தப்பித்துவிடும்.

வாசத்தில் ஏமாற்றப் பயன்படுபவை மூன்று. பச்சோலி, மலாயில் நீலாம் என்பது, மண்வாசம் உள்ளதுதான், விலை குறைவு. அதில் பூட்டிவைத்த பழைய அலமாரியின் இனிப்பும் கற்பூரக் குளிர்ச்சியும் வரும், பம்ளிமாஸ் கசப்பு வராது. கோரைக்கிழங்கு எண்ணெய் புகையும் தோலுமாக, மிளகு போன்ற காரத்தோடு இருக்கும், வெட்டிவேருக்கு மிக அருகில் வருவது இதுதான், தொடக்கத்தில் அனுபவசாலியும் தடுமாறலாம். நான்காவது மணி நேரத்தில் இதன் காரம் காய்ந்து வறண்டுபோகும், வெட்டிவேரின் இனிப்பான அடி வராது. மூன்றாவது செடார் மர எண்ணெய். பென்சில் சீவிய வாசம் வந்தால் அதுதான். இங்கே விற்றதில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தலைதூக்கியது பச்சோலியும் குளியல் சோப்பு வாசமும்.

விலை பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். காய்ந்த வேரில் எண்ணெய் ஏறத்தாழ 1 விழுக்காடு, நல்ல வேரானால் இன்னும் சற்று அதிகம். ஆக, 12 கிராம் எண்ணெய்க்கு ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த வேர் வேண்டும். அந்த வேர் மண்ணில் ஒன்று, ஒன்றரை ஆண்டு வளர்ந்து, ஆள் இறங்கித் தோண்டிக் கழுவி, பிறகு நீராவியில் ஒரு நாள் முழுக்க வடிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே 15 வெள்ளிக்கு ஒரு பாட்டில் "நூறு விழுக்காடு" என்றால் அது நடக்காத காரியம். அதற்காக 120 வெள்ளி என்பதாலேயே அசல் ஆகிவிடாது. இங்கே விலையை ஏற்றியதே நம்ப வைக்கத்தான்.

"நம்ம ஊர் மேட்டில் நட்ட வெட்டிவேரில் எடுத்தது" என்றும் சொன்னார்கள். சாலைச் சரிவுகளிலும் மேடுகளிலும் மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேர் நடுவது உண்மை. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி.கே. யூன் இந்தப் புல்லைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1990களின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் சரிவில் நட்ட வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கானது. எண்ணெய்க்காக அதைத் தோண்டினால் அடுத்த மழையில் மேடே இறங்கிவிடும். இந்தக் கதையைக் கேட்டால் எந்த நிலத்தில், எந்த மாதம் தோண்டினீர்கள், எங்கே வடித்தீர்கள் என்று கேளுங்கள். இங்கே கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஸ்ப்ரே வகைக்கு வேறு அளவுகோல். அதில் எலுமிச்சை, ஜாதிக்காய், புகையிலை என்று மேலே பலதும் சேர்த்துத்தான் கட்டுவார்கள். லாலிக்கின் ஆங்கர் நுவார், ஹெர்மேஸின் தேர் தெர்மேஸ் இரண்டும் 2006-இல் வந்த பிராண்ட் ஸ்ப்ரேகள், இரண்டிலும் வெட்டிவேர் உண்டு, ஆனால் நடை வேறு. முதலாவது இருட்டும் ஈரமுமான வேர், இரண்டாவது ஆரஞ்சில் தொடங்கி உலர்ந்த மரத்தில் இறங்குவது. இவற்றின் போலிகளைப் பாசார் மாலாமில் வாங்கவே வாங்காதீர்கள். போலி ஸ்ப்ரேயில் என்ன ஆல்கஹால் ஊற்றியிருக்கிறார்கள் என்பதை மூக்கு காட்டாது. மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும் விஷம்.

நல்ல சரக்கையும் தவறாகப் பூசிவிட்டு விற்றவரைக் குறை சொல்வது உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சந்தன சோப்பில் குளித்த கையோடு பூசினால் சந்தனம்தான் கேட்கும், வெட்டிவேர் பின்னால் போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவிய தோலிலும் அப்படியே. வாசனையில்லாத லோஷன் தடவி, ஐந்து நிமிடம் கழித்து, அத்தரானால் (தூய எண்ணெய் என்றால் கீழே சொல்வதுபோல நீர்த்தபின்) அரிசி மணி அளவு மணிக்கட்டின் உள்பக்கம். ஸ்ப்ரேயானால் இரண்டு அழுத்தல், ஒரு சாண் தள்ளி. நம் வெயிலுக்கு அதுவே போதும், செம்பனை லோரியிலோ பள்ளி வேனிலோ நாலு பேர் நெருங்கி உட்காரும்போது நான்கு அழுத்தல் புகைக்கூண்டு மாதிரி அடிக்கும். அரை மணி நேரத்தில் உங்களுக்கே வாசம் தெரியாமல் போவது மூக்கு பழகிவிட்டதால். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். தூய எண்ணெயை நேராகத் தோலில் பூசாமல் 2 விழுக்காடாக நீர்த்துக்கொள்ளுங்கள்: 30 கிராம் வாசனையற்ற எண்ணெய்க்கு 0.6 கிராம். சொட்டு எண்ணாதீர்கள். கெட்டி எண்ணெயின் சொட்டு பெரிது, கணக்கு தப்பும், சின்னத் தராசில் நிறுங்கள். முதல் முறை முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அதே மேசையில் வேர்க்கட்டும் விற்றார்கள். எண்ணெய் வடித்து முடித்த வேரைக் காயவைத்துக் கட்டினால் பார்க்க நல்ல வேர்போலவே இருக்கும், சிலர் மேலே செயற்கை செண்டும் தெளிப்பார்கள். ஒரு பிடியை எடுத்துப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். நல்ல வேர் நனைந்தபின்தான் வாசம் கூடும், காயவைத்து மறுபடி நனைத்தாலும் வரும். செண்டு தெளித்தது முதல் தண்ணீரோடு போய்விடும், தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலமும் மினுங்கும்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள்: வாசனைத் திரவியம் நம் நாட்டில் அழகுசாதனப் பொருள், விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். முகமையின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் 'NOT' என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் வருகிறதா என்று பார்க்கலாம். இங்கே விற்ற பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை, சேர்மானப் பட்டியலும் இல்லை. புகாரை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் கொடுக்கலாம். பணம் திரும்ப வேண்டுமானால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது, மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று மேசையில் ஒட்டிய அட்டை அந்த உரிமையைப் பறிக்காது.

மன்றத்துக்குப் போக விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். ரசீது கொடுக்கவில்லை என்றால் கியூஆர் கட்டணத்தில் வந்த பெயர், வாட்ஸ்அப் எண், மேசையின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் கோபத்தில் கொட்டிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, பெட்டியோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சோதிக்கக் கொடுக்கும்போது பாதியாவது திரவம் இருக்க வேண்டும்.