கண்ணன் வேடப் படமெடுக்க: உடுப்பை வாங்கலாம், மற்றதை விடலாம்

கிருஷ்ண ஜெயந்தி நெருங்கினால் ஆன்லைன் கடைகளில் மூன்று பொருள் சேர்ந்தே கண்ணில் படும்: கண்ணன் உடுப்பு, கோகுலம் அச்சிட்ட 5×7 அடி பின்னணித் துணி, ஸ்டாண்டோடு கூடிய 10 அங்குல ரிங் லைட். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையை வீட்டிலேயே மொபைலில் படமெடுக்க இதில் உடுப்பு மட்டும் போதும். மற்ற இரண்டின் வேலையையும் ஒரு ஜன்னலும் எட்டு முழ வேட்டியும் அதைவிட நன்றாகச் செய்துவிடும்.

ரிங் லைட் மோசமான பொருள் இல்லை. எதிரே உட்கார்ந்து பேசுகிற ஒருவரின் முகத்துக்கு அது சரி. ஆனால் அது யுஎஸ்பியில் எரிகிற சின்ன விளக்கு. 2 அடியில் பளிச்சென்று இருக்கும் வெளிச்சம் 6 அடிக்குப் போனால் சுமார் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். வெளிச்சம் குறைந்தால் போன் ஷட்டரை மெதுவாக்கும், குழந்தையின் கை கால் கலங்கிவிடும். பக்கத்தில் கொண்டுவந்தால் கண்மணியில் வெள்ளை வளையம் விழும், முகம் தட்டையாகும். போதாததற்கு அந்த ஸ்டாண்டின் கால்கள் எடையே இல்லாதவை. குழந்தை ஒயரை ஒரு இழு இழுத்தால் விளக்கு அதன் மேலேயே சாயும்.

நேர் வெயில் விழாத ஜன்னலைப் பாருங்கள். காலை 9 முதல் 11 மணி நல்ல நேரம். ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி, ஒரு கன்னம் ஜன்னலைப் பார்க்கும்படி குழந்தையை உட்கார வையுங்கள். மறுபக்கம் 2 அடியில் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருண்ட கன்னமும் தெளியும். டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் வரும். பிறகு அதைத் திருத்துவது கஷ்டம்.

பின்னணித் துணி பாலியெஸ்டர். மடிப்புக் கோடுகளோடு வரும். பின்பக்கம் ஈரத்துணி போட்டுக் குறைந்த சூட்டில்தான் தேய்க்க முடியும், சூடு ஏறினால் சுருங்கிவிடும். உயரத் தொங்கவிட்டால் தரைக்கு மிச்சமில்லை. இறக்கிக் கட்டினால் அச்சிட்ட மாடும் மரமும் தரையில் படுத்துவிடும். எட்டு முழ வேட்டியோ சுமார் 3.6 மீட்டர். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, 5 அடி உயரக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால், தரையில் முன்னோக்கி விரிக்க 7 அடி மீதி இருக்கும். சுவரும் தரையும் சேருமிடத்தில் மடிக்காமல் வளைவாக விடுங்கள். ஓரங்களுக்கு டேப் ஒட்டுங்கள், குழந்தை வழுக்காது. தொங்கும் வேட்டியிலிருந்து 2 அடி முன்னால் குழந்தை, குழந்தையிலிருந்து 6 அடியில் நீங்கள். 2எக்ஸ் லென்ஸ், போன் நெட்டாக, குழந்தையின் கண் உயரத்தில். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் கிரீடம் மட்டும் பெரிதாகத் தெரியும்.

வெள்ளைப் பின்னணியைப் பார்த்து போன் படத்தை இருட்டாக்கும். திரையில் குழந்தையின் முகம் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். ப்ரோ மோட் (நாமே அமைக்கிற முறை) இருந்தால் ஷட்டர் 1/200 நொடி. போர்ட்ரெய்ட் மோட் வேண்டவே வேண்டாம். மயிலிறகின் இழைகளையும் புல்லாங்குழல் நுனியையும் அது அழித்துவிடும்.

இனி உடுப்பு. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் இடுப்பு எலாஸ்டிக் வயிற்றில் தடம் பதிக்கும். ஜரிகை ஓரம் கழுத்தைக் கீறும், உள்ளே பழைய பனியன் துணியைத் தைத்துவிடுங்கள். கிரீடத்தின் நெற்றிப் பகுதிக்கும் அப்படியே. மினுக்குத் தூள் உதிர்கிற ரகம் கண்ணுக்கும் வாய்க்கும் ஆபத்து. கையால் தேய்த்துப் பார்த்து, ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மணி மாலையைக் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும்: நூல் அறுந்தால் மணி நேரே வாய்க்குத்தான் போகும். துளசி இலை மாலையோ பூச்சரமோ இன்னும் அழகு. சீடைத் தட்டும் கைக்கு எட்டாத தூரத்தில், அதே காரணத்துக்காக.

குழந்தை தூங்கி எழுந்து, பசியாறிய பிறகு ஆரம்பியுங்கள். அதற்கு முன்பே ஒரு தலையணையை உட்கார வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். கிரீடம் கடைசியில்தான் தலையேற வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் எந்தக் குழந்தையும் தாங்காது. வெண்ணெய்ப் பானையில் முக்கால்வாசி காகிதத்தை அடைத்து மேலே மட்டும் வெண்ணெய் வையுங்கள், எட்டிப் பார்க்கிற முகம் படத்தில் நன்றாக வரும்.

மாவுப் பாதம் வெள்ளை வேட்டியிலோ வெள்ளை டைல்ஸிலோ தெரியாது. சிவப்புச் சிமெண்டுத் தரையிலோ கருங்கல் வாசற்படியிலோ தனியாகப் போடுங்கள். ஈர மாவு முதலில் மங்கலாகத்தான் இருக்கும். காய்ந்து வெளுத்த பிறகு குழந்தையை அதன் பக்கத்தில் நிறுத்தி எடுங்கள்.

போன் படம் 4:3, அச்சுத் தாள் 4×6 அங்குலம். நெட்டாக எடுத்த படத்தில் குழந்தையின் இரு பக்கமும் இடம் விடாவிட்டால் ஸ்டூடியோவில் பக்க ஓரங்கள் வெட்டுப்படும். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.