இலவச உரிமம் போன பிறகு: சென்னைத் தொண்டு நிறுவனங்களுக்கு எது சரிப்படும்?

தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த பத்து ‘மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம்’ உரிமங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ‘ஆபீஸ் 365 இ1’ இலவசமும் அதோடு போனது. 2025 ஜூலை 1-க்குப் பிறகு யாருக்கு எந்தத் தேதியில் புதுப்பிப்பு வருகிறதோ, அன்றோடு அவர்களுக்கு முடிந்தது. பெரிய நிறுவனங்களுக்கு இது பட்ஜெட்டில் ஒரு வரி. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வியாசர்பாடியிலோ எட்டு பேர், பத்து பேரை வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடங்களுக்கு அந்தப் பத்து உரிமம்தான் மொத்த அலுவலகம்.

இந்தச் செய்தி வந்ததும் அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி, “சார், பழைய மெயில் எல்லாம் போயிடுமா?” என்பதுதான். போகாது. ‘பிசினஸ் பேசிக்’ என்கிற கீழ்நிலைத் திட்டம் தொண்டு நிறுவனங்களுக்கு 300 பேர் வரை இன்னும் இலவசம். அதே மெயில் பெட்டி, கோப்புகளைச் சேமிக்க அதே 1 டிபி ஒன்டிரைவ், அதே டீம்ஸ். போவது வேறு: கணினியில் நிறுவிப் பயன்படுத்திய வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், கணினிகளைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கிற இன்டியூன், வைரஸ், மோசடி மெயில்களிலிருந்து காக்கிற டிஃபெண்டர் வசதிகள். இதில் முதலாவது போவது மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

அடுத்து எங்கே போவது என்று யோசிக்கும்போது பத்து பேருக்கும் ஒரே பதில் தேடுவதில்தான் பணம் வீணாகிறது. மாலை டியூஷன் மையத்து அக்காவுக்குத் தேவையானது வேறு, கணக்கர் மேசைக்குத் தேவையானது வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

பேசிக்கிலேயே இருந்துவிடுவது

செலவு எதுவும் இல்லை. மெயிலை இடம் மாற்றும் தொல்லை இல்லை. நிர்வாகிப் பக்கத்தில் பழைய உரிமம் எடுபடுவதற்கு முன் எல்லோருக்கும் பேசிக் உரிமத்தை ஒதுக்கிவிட்டால், மறுநாள் காலை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேர்டைத் திறக்கும்போதுதான் தெரியும்: இனிமேல் எல்லாம் உலாவியிலும் போனிலும்தான்.

கடிதம் எழுத, வருகைப் பதிவு போட, படம் ஒட்டிய அறிக்கை தயாரிக்க இது போதும். எக்செலில்தான் சிக்கல். மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்) உள்ள கோப்பை உலாவி எக்செல் திறக்கும், ஆனால் மேக்ரோவை ஓட்டாது. டிரஸ்டுகள் தாக்கல் செய்யும் ஐடிஆர்-7 படிவத்துக்கு வருமான வரித் துறை தருகிற எக்செல் கோப்பே மேக்ரோவில்தான் ஓடுகிறது. ஆடிட்டர் அலுவலகம் அதைப் பார்த்துக்கொண்டாலும், சம்பளப் பட்டியல், நிதி கொடுத்தவர் அனுப்பும் பட்ஜெட் வார்ப்புரு என்று மேக்ரோ வைத்த கோப்பு இரண்டு மூன்றாவது கணக்கர் கையில் இருக்கும்.

இன்னொன்று மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. நிவாரணப் பட்டியல் தயாரிக்க வேண்டிய நேரமும் அதுதான். நெட் இருந்தால் மட்டுமே திறக்கிற வேர்டை நம்பி ஒரு சென்னைத் தொண்டு நிறுவனம் முழுதாக உட்காரக் கூடாது. கணினியிலேயே இருக்கிற ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டும்.

தள்ளுபடியில் வாங்குவது

அதே பிரீமியத்தைத் தொண்டு நிறுவன விலையில் வாங்கலாம். 2025-ன் அமெரிக்க விலைப்பட்டியலில் தலைக்கு மாதம் 5.50 டாலர். பத்து பேருக்கு வருடத்துக்கு 660 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் நம் கணக்கில் 65 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பெரும்பாலான டிரஸ்டுகளுக்கு அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க வழியில்லை. அது முழுச் செலவு.

தொகையை விடப் பெரிய தலைவலி, அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்களுக்கு நிர்வாகச் செலவு வரம்பை எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வாடகை, கணக்கர் சம்பளம், ஆடிட் கட்டணம் என்று ஏற்கெனவே நெருக்கியடிக்கும் இடத்தில் இந்தச் சந்தாவும் வந்து உட்காரும். இலவசமாக இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை.

ஆனால் இடையில் ஒரு படி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ‘பிசினஸ் ஸ்டாண்டர்டு’ தொண்டு நிறுவன விலையில் 2025-ல் தலைக்கு மாதம் 3 டாலர். கணினியில் நிறுவும் வேர்டும் எக்செலும் அதில் உண்டு. இன்டியூனும் டிஃபெண்டரும் கிடையாது. ஒரே நிறுவனத்தில் எட்டு பேர் இலவச பேசிக்கிலும் இரண்டு பேர் ஸ்டாண்டர்டிலும் இருக்கலாம். அந்த விலையில் இரண்டு பேருக்கு வருடம் 72 டாலர். 65 ஆயிரத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்: ஒரு களப்பணியாளருக்குப் பல மாதப் பேருந்துச் செலவு அதில் இருக்கிறது.

டிரஸ்ட் பெயரில் கிரெடிட் கார்டு இல்லை என்றால் உள்ளூர் விற்பனையாளர் மூலம் வருடச் சந்தாவாக வாங்கி, வங்கிப் பரிமாற்றத்தில் கட்டி, ஜிஎஸ்டி பில்லோடு பெறுவது நல்லது. ஆடிட்டருக்கும் அதுதான் வசதி.

கூகுள்

‘கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் நான்பிராஃபிட்ஸ்’ 2,000 பேர் வரை இலவசம். மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 100 டிபி இடம். சிறிய நிறுவனம் அதில் பாதியைக்கூடத் தொடாது. இதன் பெரிய பலம், யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பது. கல்லூரியிலிருந்து வரும் தன்னார்வலருக்கு ஜிமெயிலும் டாக்ஸும் கை வந்தவை. ஒரே ஷீட்டில் ஐந்து மையங்களிலிருந்து ஒரே நேரத்தில் வருகை பதிவதில் இதற்கு நிகர் நான் பார்த்ததில்லை. முன்கூட்டியே அமைத்து வைத்தால் குரோமில் நெட் இல்லாமலும் டாக்ஸ் ஓடும். மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்டில் பல வருட மெயில் வைத்திருப்பவர் இங்கே மாறுவது சின்ன வேலை இல்லை. மெயிலைக் கொண்டுவரக் கருவிகள் உண்டு. பகிர்ந்த கோப்புகளின் அனுமதிகள்தான் குலையும். யார் எதைப் பார்க்கலாம் என்பதைத் திரும்ப உட்கார்ந்து போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது என்பதற்காகவே கூகுளுக்கு ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லா இடம் கொடுத்த கூகுள் 2022-ல் அதை 100 டிபி என்று சுருக்கியது. எந்தக் கம்பெனி தருகிற இலவசமும் அந்தக் கம்பெனி தீர்மானிக்கிற வரைக்கும்தான்.

புதிதாகத் தொடங்குகிற நிறுவனம், அல்லது இன்றுவரை எல்லோரும் சொந்த ஜிமெயிலில் வேலை பார்க்கிற நிறுவனம் என்றால் தயங்காமல் கூகுள் என்பேன்.

ஜோஹோ

மெயிலும் அலுவலக மென்பொருளும் தருகிற நம் ஊர்க் கம்பெனி, தலைமையகம் கூடுவாஞ்சேரிப் பக்கம், தரவு மையம் சென்னையிலும் மும்பையிலும், பில் ரூபாயில். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இப்போது ஜோஹோவின் தளத்தில்தான் ஓடுகிறது. தரத்தைப் பற்றிய சந்தேகம் இனி யாருக்கும் வேண்டாம்.

ஆனால் இலவசம் என்று பார்த்தால் மெயில் 5 பேருக்கு, தலைக்கு 5 ஜிபி. அதையும் உலாவியிலும் அவர்கள் செயலியிலும் மட்டும்தான் பார்க்க முடியும், அவுட்லுக்கில் இணைக்க முடியாது. ஆறாவது ஆள் சேர்ந்ததும் காசு. கட்டணத் திட்டங்கள் மலிவு என்பது உண்மை. பணம் கொடுக்கத் தயாராக இருந்து, குழந்தைகளின் விவரம் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் இங்கே கேட்க வேண்டும். ஐந்தே பேர் உள்ள சிறிய டிரஸ்டுக்கும் இது பொருந்தும்.

லிப்ரே ஆபீஸ்

இதில் மெயில் கிடையாது, டீம்ஸ் மாதிரி எதுவும் கிடையாது. கணினியில் நிறுவுகிற வேர்டு, எக்செல், பவர்பாயின்டுக்கு மாற்று, அவ்வளவுதான். பேசிக்குக்கு மாறினால் அன்றாட வேலையில் இழப்பதும் அதுதான். அதனால் இதை பேசிக்குக்கோ கூகுளுக்கோ எதிராக நிறுத்தக் கூடாது, பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஓப்பன் ஆபீஸ் என்கிற பழைய இலவச மென்பொருளிலிருந்து 2010-ல் பிரிந்து வந்த திட்டம் இது. லாப நோக்கமற்ற டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. இலவசத்தை நிறுத்துவதாகக் கடிதம் வருகிற பேச்சே இங்கே இல்லை. மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும்.

தமிழ் ஆவணங்கள் விஷயத்தில் இது காலை வாராது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு ஊரில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டிலும் இது வராது. நம் நிறுவனங்களின் பழைய கோப்புகளில் பாதி, எல்லாக் கருவியிலும் தமிழ் தெரிய வைக்கிற யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிய மனுக்கள் வானவில் அவ்வையாரில், பழைய செய்திமடல்கள் பாமினியில். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் திறந்தால் தமிழ். இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால், ‘அம்மா’ என்று பாமினியில் அடித்தது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக நிற்கும். கூகுள் டாக்ஸ் தன்னிடம் இல்லாத எழுத்துருவை மாற்றிப் போட்டுவிடும். அங்கே ஏற்றியதும் இதே கதிதான். எல்லாவற்றையும் இணையச் சேமிப்புக்கு ஏற்றிவிட்டோம் என்று நினைத்துப் பழைய கணினியை அழித்துவிட்டு, பிறகு வருட அறிக்கையைத் திறந்து பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

லிப்ரே ஆபீஸில் அந்தப் பிரச்சினை இல்லை. பழைய எழுத்துருவைக் கணினியில் போட்டு வைத்தால் கோப்பு தமிழாகவே திறக்கும். பிடிஎஃப் ஆகவும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றி ஒன்றைக் கொண்டு முக்கியமானவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். எந்த வழிக்கு மாறினாலும் இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

குறைகள் உண்டு. நுணுக்கமாக வடிவமைத்த வேர்டு கோப்பில் அட்டவணை நகரும், பக்கம் மாறும். எக்செல் மேக்ரோக்களில் சில ஓடும், சில ஓடாது. நிதி கொடுத்தவரின் வார்ப்புருவை இதில் நிரப்பித் திருப்பி அனுப்புவது ஆபத்து. அதை பேசிக்கின் உலாவி எக்செலிலோ கணக்கரின் எக்செலிலோ செய்துகொள்ளுங்கள்.

“நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது” என்று சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் இருபது வருடத்துக்கு முன்பே தன் அலுவலகக் கணினிகளை, விண்டோஸுக்கு இலவச மாற்றான லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவான பாஸ் லினக்ஸ் அரசு மடிக்கணினிகளில் பள்ளி மாணவர்கள் கைக்கே போனது. இன்று உங்கள் மையத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் பலர் அந்த மடிக்கணினியில் படித்தவர்கள்.

பழையதையே ஓட்டுவது, ரிச்சி தெரு ‘கீ’

ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும், விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இவற்றில் இனி பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் குழந்தைகளின் பெயரும் முகவரியும் மருத்துவ விவரமும் வைத்திருப்பது தவறு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஆபீஸ் ‘கீ’ இன்னும் மோசம். அதற்கு பில் வராது, ஆடிட்டில் காட்ட முடியாது, என்றைக்கு வேலை செய்யாமல் போகும் என்று விற்றவருக்கே தெரியாது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி என்றால் லினக்ஸ் போட்டு, லிப்ரே ஆபீஸும் உலாவியுமாக இன்னும் சில வருடம் கௌரவமாக ஓட்டலாம்.

என் தேர்வு

ஏற்கெனவே மைக்ரோசாஃப்டில் இருக்கும் பத்து பேர் அலுவலகத்துக்கு: எல்லோருக்கும் இலவச பேசிக், எல்லாக் கணினியிலும் லிப்ரே ஆபீஸ், கணக்கருக்கும் அறிக்கை தயாரிப்பவருக்கும் மட்டும் ஸ்டாண்டர்டு. களப்பணியாளர்களுக்குப் போன் போதும். அவர்களுக்கு மேசைக் கணினி வேர்டு கொடுத்து ஒரு பயனும் இல்லை. கணக்கு மென்பொருளான டேலி எப்போதும் போலக் கணினியில்தான் ஓடும், அதற்கு இந்த மாற்றத்தால் எதுவும் ஆகாது.

இதில் ஒரு விதிவிலக்கு. குழந்தைகள் இல்லம், ஆற்றுப்படுத்தும் சேவை, மருத்துவ உதவி என்று அந்தரங்கமான விவரங்களைக் கையாளுபவர்கள், அவற்றைத் தொடும் மடிக்கணினிகளுக்கு பிரீமியம் வாங்குவது நியாயம். ஆட்டோவில் மறந்துவைத்த மடிக்கணினியைத் தூரத்திலிருந்தே அழிக்க முடிவது இன்டியூனால்தான். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். 18 வயதுக்குட்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதலும் அதில் கட்டாயம். அத்தனை பேருக்கும் வாங்க வேண்டாம், இரண்டு மூன்று பேருக்கு வாங்குங்கள். அந்தச் செலவைத் திட்ட முன்மொழிவிலேயே ‘பயனாளிகளின் தரவுப் பாதுகாப்பு’ என்று தனி வரியாக எழுதி, எந்தத் தலைப்பில் வரும் என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாறும் முன் பார்க்க வேண்டியது நிர்வாகிக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது. பல இடங்களில் அது எப்போதோ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன தன்னார்வலரின் பெயரில் இருக்கும். நிறுவனத்தின் இணைய முகவரியான டொமைனின் புதுப்பிப்பு அறிவிப்பும் அவர் மெயிலுக்கே போகும். அதை நிறுவனத்தின் பெயருக்குக் கொண்டுவந்து, இரண்டு பொறுப்பாளர்களிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் புதுப்பிப்புத் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றால் உடனே உள்ளே போய்ப் பாருங்கள்: முடிந்த சந்தா 30 நாள் வரை வழக்கம்போல் ஓடும், அடுத்த 90 நாள் நிர்வாகி மட்டும் உள்ளே போக முடியும், அதற்குப் பிறகு பேசிக் ஒதுக்கப்படாத கணக்குகளின் மெயிலும் கோப்பும் அழிந்துவிடும்.